எடைச் சீட்டில் 9:40, டேபிளில் 9:14: நவ்() சொல்வது எந்த நேரம்?

உங்கள் கேள்வியில் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன, முதலில் அதைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். ஆத்தூர் ரோட்டில் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரியின் எடை மேடைக்குப் பைத்தானில் புரோகிராம் எழுதியிருக்கிறீர்கள். குச்சிக்கிழங்கு (மரவள்ளி) லோடு எடை போட்டதும் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் ஒரு வரி ஏறுகிறது, நேரத்தை நவ்() என்ற டேட்டாபேஸ் ஃபங்ஷன் நிரப்புகிறது. ஆனால் சீட்டில் அச்சாகும் நேரத்துக்கும் டேபிளில் இருக்கும் நேரத்துக்கும் இருபது நிமிடம், சில சமயம் முக்கால் மணி நேரம் வரை வித்தியாசம் வருகிறது, ஒரு விவசாயி "நான் வந்து நின்னது எப்ப, நீங்க போட்டிருக்கிறது எப்ப" என்று சண்டைக்கே வந்துவிட்டார். முன்பு மைஎஸ்கியூஎல்லில் ஓடியபோது இந்தத் தொல்லை இல்லை. இது ஒன்று. அதே முதலாளியின் ஏற்காடு எஸ்டேட்டில் லேப்டாப்பில் ஓடும் எஸ்கியூலைட் புரோகிராம் ஐந்தரை மணி நேரம் குறைத்துக் காட்டுகிறது, இது இரண்டு. எல்லா இடத்திலும் நவ்()வைத் தூக்கிவிட்டு கிளாக்_டைம்ஸ்டாம்ப்() போடு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், போடலாமா என்பது மூன்று.

போடாதீர்கள், குறைந்தபட்சம் இப்போதைக்குப் போடாதீர்கள். சேலத்தில் லாரி புக்கிங் ஆபீஸ், வெள்ளிக் கொலுசுப் பட்டறை, லீ பஜார் மண்டி என்று நாலு பேருடைய கணக்கு டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வதுதான் எனக்குப் பிழைப்பு. இந்த நேரப் பிரச்சினை ஏதாவது ஒரு உருவத்தில் எல்லா இடத்திலும் வந்திருக்கிறது. உங்களுடையதில் விடை நீங்கள் கொடுத்த மூன்று வரிகளுக்குள்ளேயே இருக்கிறது. முதல் சீட்டில் 9:14, டேபிளில் 8:52. இரண்டாவது சீட்டில் 9:40, டேபிளில் 9:14. மூன்றாவது சீட்டில் 10:21, டேபிளில் 9:40. இதை மேலிருந்து கீழே படிக்காமல் கோணலாகப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு லோடுக்கும் டேபிளில் விழுந்திருப்பது அதற்கு முந்தைய லோடைச் சேமித்த நேரம். கடிகாரம் தப்பாக ஓடினால் வித்தியாசம் எப்போதும் ஒரே அளவாக இருக்கும், டைம் ஜோன் பிரச்சினை என்றால் ஐந்தரை மணி நேரமாக இருக்கும். இது இரண்டுமே இல்லை.

உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன். போஸ்ட்கிரஸில் நவ்() என்பது இப்போதைய நேரம் அல்ல, நீங்கள் இருக்கும் டிரான்ஸாக்ஷன் (ஒன்றாகச் சேமிக்கப்படும் அல்லது ஒன்றாகக் கைவிடப்படும் கட்டளைகளின் தொகுப்பு) தொடங்கிய நேரம். கரண்ட்_டைம்ஸ்டாம்ப்பும் அதுதான், டிரான்ஸாக்ஷன்_டைம்ஸ்டாம்ப்()பும் அதுதான், மூன்றும் ஒரே ஆள். டிரான்ஸாக்ஷனை எட்டு மணிக்குத் திறந்து பத்து மணிக்கு ஒரு இன்சர்ட் (வரி சேர்க்கும் கட்டளை) போட்டாலும் நவ்() எட்டு என்றே சொல்லும். ஸ்டேட்மென்ட்_டைம்ஸ்டாம்ப்() என்பது கடைசியாக நீங்கள் அனுப்பிய கட்டளை சர்வருக்கு வந்து சேர்ந்த நேரம். கிளாக்_டைம்ஸ்டாம்ப்() மட்டும்தான் கூப்பிடும்போதெல்லாம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்கிறது, ஒரே செலக்ட்டில் (வரிகளைப் படித்துத் தரும் கட்டளை) ஆயிரம் வரி வந்தால் முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் அது வேறு வேறு மதிப்பைத் தரும். டைம்ஆஃப்டே() என்று பழையது ஒன்றும் உண்டு, அதுவும் நிஜ நேரத்தைத்தான் சொல்லும், ஆனால் வெறும் எழுத்தாகத் தரும், தொடவேண்டாம்.

இது கோளாறு அல்ல, தெரிந்தே இப்படி வைத்திருக்கிறார்கள். கிரயப் பத்திரம் முப்பது பக்கம் இருந்தாலும், எழுதி முடிக்க ஒரு பொழுது ஆனாலும், அதற்குத் தேதி ஒன்றுதான். அது மாதிரி ஒரு டிரான்ஸாக்ஷனுக்குள் நடப்பதெல்லாம் ஒரே நேரத்தைத் தாங்கவேண்டும் என்பது எண்ணம். உங்கள் எடைப் பதிவையே எடுங்கள்: எடை டேபிளில் ஒரு வரி, விவசாயியின் பேரேட்டில் ஒரு வரி, கிழங்கு ஸ்டாக்கில் ஒரு வரி, மூன்றும் ஒரே சேமிப்பில் ஏறுகின்றன. மூன்றிலும் மைக்ரோ செகண்ட் வரை ஒரே நேரம் இருந்தால் பிற்பாடு தணிக்கைக்காரர் வந்து கேட்கும்போது சேர்த்துக் காட்டுவது சுலபம், கிளாக்_டைம்ஸ்டாம்ப்() போட்டிருந்தால் மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் விலகி நிற்கும்.

அடுத்தது என் ஊகம், உங்கள் புரோகிராமை நான் பார்க்கவில்லை என்பதால் ஊகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பைத்தானிலிருந்து போஸ்ட்கிரஸுக்கு சைக்கோபிஜி என்ற டிரைவர் வழியாகப் போகிறவர்கள்தான் அதிகம், அது ஆட்டோகமிட் (ஒவ்வொரு கட்டளையையும் தானாகவே சேமித்து முடிப்பது) இல்லாமல்தான் கனெக்ஷனைத் தரும். அதாவது முதல் கட்டளையை அனுப்பியவுடன், அது வெறும் செலக்ட்டாக இருந்தாலும், சத்தமில்லாமல் ஒரு டிரான்ஸாக்ஷனைத் திறந்துவிடும், நீங்கள் கமிட் (சேமி) அல்லது ரோல்பேக் (கைவிடு) சொல்லும்வரை அது மூடாது. உங்கள் திரை லோடைச் சேமித்ததும் கமிட் செய்கிறது, சரி. உடனே பட்டியலைப் புதுப்பிக்க ஒரு செலக்ட் போடுகிறது, அங்கேதான் அடுத்த டிரான்ஸாக்ஷன் திறக்கிறது. அப்புறம் எடை போடுகிற பையன் டீ குடிக்கப் போய்விடுகிறான், இருபத்தாறு நிமிடம் கழித்து அடுத்த லாரி மேடையில் ஏறுகிறது, இன்சர்ட் போகிறது, நவ்() தன் டிரான்ஸாக்ஷன் தொடங்கிய நேரத்தை, அதாவது முந்தைய லோடு முடிந்த கையோடு பட்டியல் புதுப்பித்த நேரத்தைச் சொல்கிறது. 9:40 லோடுக்கு 9:14 வந்த கதை இதுதான் என்று நினைக்கிறேன். பிஎஸ்கியூஎல்லில் (போஸ்ட்கிரஸோடு வரும் கட்டளைத் திரை) கையால் அடித்துப் பார்த்தபோது நேரம் சரியாக வந்தது என்று எழுதியிருந்தீர்கள், அதுவும் இதோடு பொருந்துகிறது. அங்கே ஆட்டோகமிட் இயல்பாகவே இருக்கிறது, ஒவ்வொரு கட்டளையும் தனி டிரான்ஸாக்ஷன்.

சரிபார்க்க இரண்டு நிமிடம் போதும். எடை மேடைப் புரோகிராமைத் திறந்து சும்மா விட்டுவிட்டு, வேறொரு கனெக்ஷனிலிருந்து பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி என்ற பட்டியலைப் பாருங்கள். உங்கள் புரோகிராமின் வரியில் ஸ்டேட் என்ற இடத்தில் ஐடில் இன் டிரான்ஸாக்ஷன் (டிரான்ஸாக்ஷனைத் திறந்துவைத்துவிட்டுச் சும்மா நிற்கிறது) என்று இருந்து, எக்ஸாக்ட்_ஸ்டார்ட் (xact_start) என்ற காலத்தில் (நெடுவரிசையில்) கடைசி லோடின் நேரம் நின்றுகொண்டிருந்தால் என் ஊகம் சரி. வெறும் ஐடில் என்று இருந்து எக்ஸாக்ட்_ஸ்டார்ட் காலியாக இருந்தால் நான் சொன்னது தப்பு, டீஃபால்ட்டை (மதிப்பு தராதபோது தானாக நிரம்புவது) எப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று பார்க்கவேண்டும். (டீஃபால்ட்டில் நவ் என்பதை ஃபங்ஷனாகக் கூப்பிடாமல் மேற்கோள் குறிக்குள் டைம்ஸ்டாம்ப் மாறிலியாக எழுதிவிட்டால், டேபிள் உருவாக்கிய நொடியே அதில் உறைந்துபோய் எல்லா வரியிலும் ஒரே தேதி விழும். உங்கள் கேஸ் அது இல்லை என்பது எண்களிலேயே தெரிகிறது.)

அதனால்தான் கிளாக்_டைம்ஸ்டாம்ப்() வேண்டாம் என்றேன். அதைப் போட்டால் நேரம் சரியாகத் தெரியும், லோடுக்கும் லோடுக்கும் நடுவே திறந்து கிடக்கும் டிரான்ஸாக்ஷன் அப்படியேதான் இருக்கும். அது டேபிள் மேல் பிடித்த லாக்கை (பூட்டை) விடாது. என்றைக்காவது நீங்கள் புதிதாக ஒரு காலம் சேர்க்க ஆல்டர் ஓட்டினால் அது காத்து நிற்கும், அதற்குப் பின்னால் வருகிற செலக்ட்கூட வரிசையில் நிற்கும், ஃபேக்டரி வாசலில் லாரி நிற்பதைவிட நீளமான வரிசை. செலக்ட் முடிந்ததும் கமிட் செய்யுங்கள், இல்லையென்றால் கனெக்ஷனை ஆட்டோகமிட்டுக்கு மாற்றிவிட்டுச் சேமிக்கும் இடத்தில் மட்டும் டிரான்ஸாக்ஷனை நீங்களே திறந்து நீங்களே மூடுங்கள். காவலுக்கு ஐடில்_இன்_டிரான்ஸாக்ஷன்_செஷன்_டைம்அவுட் என்று ஒரு செட்டிங் 9.6 பதிப்பிலிருந்து இருக்கிறது, ஐந்து நிமிடம் என்று வைத்தால் மறந்துபோன டிரான்ஸாக்ஷன்களின் கனெக்ஷனை அதுவே அறுத்துவிடும்.

மைஎஸ்கியூஎல்லில் ஏன் தெரியவில்லை? அங்கே நவ்() என்பது அந்த ஒரு கட்டளை ஓடத் தொடங்கிய நேரம், டிரான்ஸாக்ஷன் எப்போது திறந்தது என்பது அதற்குப் பொருட்டே இல்லை. அங்கேயும் பைத்தான் டிரைவர்கள் ஆட்டோகமிட் இல்லாமல்தான் வருகின்றன, ஆகவே குற்றம் அன்றைக்கும் இருந்திருக்கும், நேரத்தில் வெளிப்படவில்லை, அவ்வளவுதான். மைஎஸ்கியூஎல்லில் ஒரே செலக்ட்டில் நவ்(), ஸ்லீப்(2), மறுபடி நவ்() என்று கேட்டால் இரண்டு நவ்()வும் ஒரே நேரத்தைச் சொல்லும்; நவ்() இருக்கும் இடத்தில் சிஸ்டேட்() போட்டால் இரண்டு நொடி தள்ளிச் சொல்லும், ஏனென்றால் அது கூப்பிட்ட கணத்தைப் பார்க்கிறது. டிரிக்கரில் (ஒரு கட்டளை ஓடும்போது தானாக ஓடும் சிறு புரோகிராம்) நவ்() போட்டால் டிரிக்கரைக் கிளப்பிய கட்டளை தொடங்கிய நேரம் வரும். சிஸ்டேட்()டை நம்பி வேர் கண்டிஷன் (எந்த வரிகள் வேண்டும் என்ற நிபந்தனை) எழுதினால் இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) வேலை செய்யாது, கட்டளைகளை அப்படியே நகலெடுக்கும் ரெப்ளிகேஷனில் இரண்டாவது சர்வரில் வேறு நேரம் ஏறும். போஸ்ட்கிரஸின் கிளாக்_டைம்ஸ்டாம்ப்()புக்கும் இண்டெக்ஸ் விஷயத்தில் இதே வியாதி. "கடந்த ஒரு மணி நேரத்து லோடுகள்" என்று தேடும்போது நவ்() போட்டால் இண்டெக்ஸில் போகும், கிளாக்_டைம்ஸ்டாம்ப்() போட்டால் முழு டேபிளையும் துழாவும்.

ஆரக்கிளிலும் சிஸ்டேட் உண்டு, பெயரை நம்பி ஏமாறாதீர்கள்: அங்கே அது ஒரு கட்டளைக்குள் மாறாது, டேட்டாபேஸ் இருக்கும் மெஷினின் ஆபரேட்டிங் சிஸ்டம் நேரத்தைச் சொல்லும், உங்கள் செஷனின் டைம் ஜோன் வேண்டுமென்றால் கரண்ட்_டேட் கேட்கவேண்டும். எஸ்கியூஎல் சர்வரில் கெட்டேட்() ஒரு செகண்டை முந்நூறாகப் பிரித்துத்தான் தரும், அதனால்தான் மில்லி செகண்ட் எப்போதும் 0, 3, 7 என்று முடிகிறது. நுணுக்கம் வேண்டுமென்றால் சிஸ்டேட்டைம்() இருக்கிறது. உங்களுக்கு இது இரண்டும் இப்போது தேவையில்லை.

ஏற்காட்டு லேப்டாப்புக்கு வருவோம், அது சின்ன விஷயம். எஸ்கியூலைட்டில் கரண்ட்_டைம்ஸ்டாம்ப் எப்போதும் யூடிசி (உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) நேரம்தான், இந்தியாவில் ஓடுகிறதா என்று அது பார்ப்பதே இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு வேலையாட்கள் பறித்து வந்த காபிப் பழத்தை அளந்து ஏற்றினால் காலை 11:30 என்று விழும். தப்பு ஒன்றும் இல்லை, அப்படியே யூடிசியாகவே சேமியுங்கள், திரையில் காட்டும்போது லோக்கல்டைம் என்ற மாடிஃபையரைச் சேர்த்து டேட்டைம்() ஃபங்ஷனில் மாற்றிக் காட்டுங்கள். சேமிக்கும்போதே ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டி வைக்கிற பழக்கம் நம் பக்கம் நிறைய பேரிடம் இருக்கிறது. கூட்டியது எது கூட்டாதது எது என்று ஆறு மாதம் கழித்து யாருக்கும் தெரியாது, அப்புறம் ஒரு புண்ணியவான் இன்னொரு தடவை கூட்டுவார்.

ஃபேக்டரி போஸ்ட்கிரஸிலும் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள், முக்கியமாக சர்வரை கிளவுடுக்கு மாற்றும் எண்ணம் இருந்தால். டைம்ஸ்டாம்ப் வித் டைம் ஜோன் என்ற வகை, பெயர் எப்படி இருந்தாலும், ஜோனைச் சேமிப்பதில்லை. உள்ளே யூடிசியாக வைத்துக்கொண்டு உங்கள் செஷனின் டைம்ஜோன் செட்டிங்கைப் பார்த்து மாற்றிக் காட்டும். செட்டிங் யூடிசியாக இருந்தால் கரண்ட்_டேட்டும் யூடிசி தேதியைத்தான் தரும், அப்போது நம்மூரில் காலை ஐந்தரை வரை அதற்கு முந்தின நாள்தான். கல்வராயன் மலையிலிருந்தும் பச்சைமலையிலிருந்தும் ராத்திரி கிளம்பி விடிகாலை நாலு மணிக்கு வந்து இறங்குகிற லோடு எல்லாம் நேற்றைய கணக்கில் போய் உட்காரும், இரண்டு நாளுக்கும் பாயிண்ட் ரேட் (மாவுச் சத்தின் அளவை வைத்துப் போடும் விலை) வேறாக இருந்தால் அது பணத்தில் தெரியும். செட்டிங்கில் ஆசியா/கொல்கத்தா என்று முழுப் பெயராக எழுதுங்கள், ஐஎஸ்டி என்று மூன்றெழுத்தில் எழுதாதீர்கள். போஸ்ட்கிரஸின் பல பதிப்புகள் நேரத்தோடு ஒட்டி வரும் ஐஎஸ்டியை இஸ்ரேல் நேரம் என்றுதான் எடுத்துக்கொள்ளும், யூடிசியிலிருந்து இரண்டு மணி நேரம்தான் தள்ளும். இந்தியாவுக்கு என்று தனிச் சுருக்கப் பட்டியல் அதிலேயே இருக்கிறது, ஆனால் அதை யார் போய் மாற்றி வைக்கிறார்கள்.

யாருடைய கடிகாரம் என்பதையும் மறக்கவேண்டாம். சீட்டு அச்சாகும் நேரம் எடை மேடை கம்ப்யூட்டருடையது, டேபிளில் விழுவது சர்வருடையது. உங்கள் எண்களில் இரண்டும் நிமிடக் கணக்கில் ஒத்துப்போகின்றன, நல்லது. இரண்டையும் என்டிபி மூலம் வெளியே ஒரு நேர சர்வரோடு கட்டிவிடுங்கள், இந்திய நேரத்தைப் பராமரிக்கும் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகமே அந்தச் சேவையைத் தருகிறது. கட்டியபிறகும் கடிகாரம் திருத்தப்படும்போது ஒரு கணம் பின்னால் போகலாம், ஆகவே வரிசை தீர்மானிக்க நேரத்தை நம்பாதீர்கள், சீட்டு எண் எதற்கு இருக்கிறது.

ஏற்காட்டிலிருந்து ஃபேக்டரிக்கு "கடைசியாக எடுத்த நேரத்துக்குப் பிறகு வந்தவை" என்று டேட்டாவை இழுக்கப் போவதாகச் சொன்னீர்களே, அதை யோசித்துச் செய்யுங்கள். இன்றைக்கு எஸ்டேட்டில் ஒரே ஒரு லேப்டாப், பிரச்சினை வராது. நாளைக்கு இதையே ஃபேக்டரி போஸ்ட்கிரஸிலிருந்து இழுத்தால், 10:00 மணிக்குத் தொடங்கிய ஒரு டிரான்ஸாக்ஷன் 10:05க்கு கமிட் ஆகிறது என்று வையுங்கள், நீங்கள் 10:03க்கு இழுத்திருக்கிறீர்கள். அப்போது அந்த வரி கண்ணுக்குத் தெரியாது. அடுத்த முறை 10:03க்குப் பிறகு என்று கேட்கும்போது அதன் நேரம் 10:00 என்பதால் அப்போதும் வராது. ஒரு லோடு காணாமல் போய்விடும், யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். கிளாக்_டைம்ஸ்டாம்ப்() போட்டாலும் இந்த ஓட்டை அடைபடாது, கமிட் ஆகும் நேரத்தை முன்கூட்டிச் சொல்ல எந்த ஃபங்ஷனாலும் முடியாது. கொஞ்சம் பின்னோக்கிச் சேர்த்து இழுத்து, ஏற்கனவே வந்ததைச் சீட்டு எண்ணை வைத்துக் கழித்துவிடுவதுதான் எளிய வழி.

அந்த விவசாயியின் சண்டைக்கு நவ்()வைத் திருத்தினாலும் முழுப் பதில் கிடைக்காது. அவர் கேட்பது கேட்டுக்கு வந்து நின்ற நேரம், அது எந்த டேட்டாபேஸ் ஃபங்ஷனுக்கும் தெரியாது. கிழங்கு பிடுங்கியதிலிருந்து கெட ஆரம்பிக்கிறது, வரிசையில் நிற்க நிற்க எடையும் மாவும் குறையும், அதனால் அவருக்கு அந்த நேரம் முக்கியம்தான். கேட்டில் டோக்கன் போடுகிற நேரம், லோடு எடை எடுத்த நேரம், கிழங்கை இறக்கிவிட்டுக் காலி வண்டி எடை எடுத்த நேரம், இவை மூன்று தனிச் சம்பவங்கள், மூன்று தனிக் காலங்கள். எடை காட்டியிலிருந்து எண்ணைப் பிடித்த அந்த நொடியில் புரோகிராமே நேரத்தை எடுத்து அந்தக் காலத்தில் போடட்டும். நவ்() நிரப்பும் காலம் "பதிவான நேரம்" என்று நான்காவதாக இருக்கட்டும், அதை யாரும் கையால் தொடக்கூடாது.

இதுவரை தப்பாக விழுந்த வரிகளை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்துக் கேட்பீர்கள். பழைய காலத்தை அழிக்காமல் பக்கத்தில் புதுக் காலம் ஒன்று சேர்த்து, லீட் என்ற விண்டோ ஃபங்ஷனால் சீட்டு எண் வரிசையில் அடுத்த வரியின் நேரத்தை இந்த வரிக்கு எடுத்துப் போடுங்கள். 9:14 லோடின் சரியான நேரம் அடுத்த வரியில்தான் உட்கார்ந்திருக்கிறது. எடை மேடையில் ஒரே கம்ப்யூட்டர், ஒரே கனெக்ஷன் என்றால் மட்டுமே இது செல்லும், முதலில் பத்துச் சீட்டை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள். ராத்திரி புரோகிராமை மூடுகிற வழக்கம் இருந்தால் ஒவ்வொரு நாளின் கடைசி லோடுக்கும் அடுத்த வரி உதவாது, மறுநாள் காலை புரோகிராம் திறந்த நேரம்தான் வரும். அந்த வரிகளை மட்டும் காலியாக விட்டு, சீட்டின் கார்பன் காப்பியைப் பார்த்துக் கையால் ஏற்றிக்கொள்ளுங்கள்.